கிளவுட் பங்கும் கரண்ட் பில்லும்

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் முதல் ஷிஃப்டுக்காரர்கள் ஏறும் ரயிலில் ஒரு காலத்தில் பணப் பேச்சு என்றால் சீட்டு, மனை, நகைக்கடன், இந்த மூன்றுதான். வேப்பம்பட்டில் கிரவுண்டு என்ன விலை போகிறது என்று ஆரம்பித்தால் பட்டரவாக்கத்தில் இறங்கும்வரை அது ஓடும். இப்போது நான்காவதாக டீமேட் கணக்கு சேர்ந்துகொண்டது. 2020 மார்ச்சில் நாடு முழுக்க நான்கு கோடி சொச்சமாக இருந்த அந்தக் கணக்குகள் 2025-ல் இருபது கோடியைத் தாண்டிவிட்டன. ஏ.ஐ. பற்றிய செய்தி பெருகப் பெருக, "கிளவுட் கம்பெனி ஷேர் நல்லதா ஒண்ணு சொல்லுங்க சார்" என்ற கேள்வியும் பெருகிக்கொண்டே போகிறது.

கேட்பவர்கள் ஒரு தயக்கத்தோடுதான் கேட்கிறார்கள். நமக்குக் கம்ப்யூட்டர் விவகாரம் தெரியாதே என்ற தயக்கம். எனக்கு அது தேவையற்றதாகப் படுகிறது. கிளவுட் கம்பெனிக்குள் போய்ப் பார்த்தால் நிலம், கட்டடம், ஹெச்.டி. எனும் உயரழுத்த மின் இணைப்பு, டீசல் ஜெனரேட்டர், கூலிங் பிளான்ட், வருஷா வருஷம் தேயும் இயந்திரங்கள், வட்டிக்கு வாங்கிய கடன், கையில் இருக்கும் ஆர்டர், இவ்வளவுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஃபர்னஸ் ஓட்டியவருக்கும், மேல்நல்லாத்தூர் கேட்டர்பில்லர் ஆலையில் மெயின்டனன்ஸ் பார்த்தவருக்கும் இதில் புரியாதது குறைவு. இதை மென்பொருள் கம்பெனி மாதிரி நினைத்துக்கொண்டு வாங்குகிறவர்தான் தடுமாறுகிறார். கொஞ்சம் மூலதனம், நிறைய மூளை என்பது மென்பொருள் தொழிலின் கணக்கு. இங்கே மூலதனம்தான் முதல் வரி.

அம்பத்தூரில் என்ன ஓடுகிறது?

செவ்வாப்பேட்டையிலிருந்து ரயிலில் கிளம்பினால், 2024 நவம்பரில் திறந்த 21 மாடி டைடல் பார்க் இருக்கும் பட்டாபிராமைத் தாண்டி, ஆவடியைத் தாண்டி அம்பத்தூர். 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த ஊர். 1964-ல் தொடங்கிய அதன் தொழிற்பேட்டையை நம்பி ஸ்க்ரூவும் ஸ்பிரிங்கும் செய்து பிழைத்த குடும்பங்கள் இந்த ரயில் பாதை நெடுக உண்டு. இன்று அதே அம்பத்தூரில் ஜப்பானின் என்.டி.டி. ஆறு ஏக்கரில் 34.8 மெகாவாட் அளவுக்கு, கிளவுட் சர்வர்கள் ஓடும் டேட்டா சென்டர் வளாகம் அமைத்திருக்கிறது. ஹைதராபாத்தின் கண்ட்ரோல்எஸ் இருக்கிறது. சிங்கப்பூரின் எஸ்.டி.டி. இருக்கிறது. புரூக்ஃபீல்டும் ஜியோவும் அமெரிக்காவின் டிஜிட்டல் ரியால்ட்டியும் கூட்டாக நடத்தும் டிஜிட்டல் கனெக்ஷன், தன் முதல் கட்டமான 20 மெகாவாட்டை 2024 ஜனவரியில் திறந்தது.

இவர்களை இங்கே இழுத்தது கடல். சிங்கப்பூரிலிருந்து 2002-ல் வந்த ஐ2ஐ தொடங்கி, டாடாவின் கேபிள், வங்கக் கடல் வழி வரும் பி.பி.ஜி., சமீபத்தில் மிஸ்ட் என்று கடலடி கேபிள்கள் வரிசையாகச் சென்னைக் கரையில் ஏறுகின்றன. மைக்ரோசாஃப்ட் 2015-லேயே தன் அஸூர் கிளவுடின் தென்னிந்திய மையத்தைச் சென்னையில் வைத்தது. 2021-ல் தமிழக அரசு டேட்டா சென்டர்களுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது.

இந்த மெகாவாட் அளவைக் கவனியுங்கள். டேட்டா சென்டர்காரர் தன் தொழிலின் பருமனைச் சொல்லும்போது எத்தனை கம்ப்யூட்டர் என்று சொல்வதில்லை, எத்தனை மெகாவாட் என்றுதான் சொல்வார். ஒரு மெகாவாட் சர்வர் இடைவிடாமல் ஓடினால் நாளொன்றுக்கு 24,000 யூனிட். அந்தச் சூட்டைத் தணிக்க, யு.பி.எஸ்.ஸில் வீணாவதற்கு என்று நம் வெயிலுக்கு இன்னொரு பாதி சேர்த்துக்கொள்ளலாம். ஆக 36,000. இந்தக் கணக்கில் 20 மெகாவாட் மையம் ஒன்று முழுதாக ஓடினால் வருஷத்துக்கு 26 கோடி யூனிட்டுக்கு மேல். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தால் பில் 210 கோடி ரூபாய். இன்டக்ஷன் ஃபர்னஸில் ஒரு டன் இரும்பை உருக்க 600 யூனிட் போல ஆகும் என்பது கும்மிடிப்பூண்டியில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அப்படிப் பார்த்தால் இது நான்கு லட்சம் டன்னுக்கு மேல் உருக்கும் மின்சாரம்.

இந்த பில்லை யார் கட்டுகிறார் என்பதில்தான் பங்கு வாங்குகிறவரின் முதல் கேள்வி இருக்கிறது. இடத்தையும் மின்சாரத்தையும் வாடகைக்கு விடும் கம்பெனிகள், மின்கட்டணத்தை வாடிக்கையாளரிடமே அப்படியே வசூலிக்கும்படி ஒப்பந்தம் போடுவது வழக்கம். யூனிட் விலை ஏறினாலும் அவர்களுக்குப் பெரிய அடி இல்லை. சர்வரையும் சொந்தமாக வாங்கி வைத்து, மணிக்கு இவ்வளவு என்று கிளவுட் சேவை விற்கும் கம்பெனிக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு. பேப்பரில் இரண்டையும் ஒரே பெயரில் எழுதுகிறார்கள். தொழில் வேறு, ஆபத்து வேறு.

மூன்றாவதாக ஒரு கூட்டமும் இதில் கலந்துவிடுகிறது. 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் 36 டாலர் விலையில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸைச் சென்னையில் பிறந்த கிளவுட் கம்பெனி என்று கொண்டாடினோம். முதல் நாளே 47 டாலரைத் தாண்டி முடிந்தது, பிறகு 15 டாலருக்குக் கீழேயும் பார்த்துவிட்டது. அது கிளவுடில் மென்பொருள் விற்கும் கம்பெனி. அமேசானின் சர்வர்களில் வாடகை கொடுத்து ஓடுவது. வீட்டுக்காரர் பங்கு வேண்டும் என்று கேட்டுவிட்டுக் குடித்தனக்காரர் பங்கை வாங்கி வந்த கதை இதில்தான் அதிகம் நடக்கிறது. ஜோஹோ பற்றியும் கேட்கிறார்கள். சொந்த டேட்டா சென்டர்கள் வைத்திருக்கும் கம்பெனிதான், ஆனால் அது சந்தையில் பட்டியலாகவே இல்லை.

18 டாலர், 320 டாலர், அப்புறம்

கிளவுட் பங்குகளைப் பற்றிப் பேச அமெரிக்காவுக்குப் போகும் முன் சென்னையின் சிஃபியை நிதானமாகப் பார்த்துவிட வேண்டும். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டிடம் இருக்கும் மிக நீண்ட அனுபவம் அதுதான்.

சத்யம் இன்ஃபோவே என்ற பெயரில் சென்னையில் தொடங்கி, 1998 நவம்பரில் நாட்டின் முதல் தனியார் இணைய சேவையைக் கொடுத்த கம்பெனி அது. பரீட்சை ரிசல்ட் பார்க்க நாம் வரிசையில் நின்ற 'ஐ-வே' பிரவுசிங் சென்டர்கள் அவர்களுடையவை. 1999 அக்டோபரில் நாஸ்டாக்கில் இடம்பிடித்த முதல் இந்திய இணைய நிறுவனம் என்ற பெயர் அதற்குத்தான். வெளியீட்டு விலை 18 டாலர். அடுத்த மாதமே ராஜேஷ் ஜெயினின் இந்தியாவேர்ல்டு என்ற இணையதள நிறுவனத்தை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது, நாடே வாயைப் பிளந்தது. 2000 பிப்ரவரியில் மறுபடி பங்கு விற்றுப் பணம் திரட்டியபோது விலை 320 டாலர். இடையில் நான்கு மாதம்தான்.

பிறகு டாட்காம் குமிழி உடைந்தது. 2005-ல் தாய்க் கம்பெனியான சத்யம் கம்ப்யூட்டரிடம் இருந்த பங்கைத் தொழிலதிபர் ராஜு வெகேஸ்னா வாங்கினார். வீட்டுக்கு இணையம் கொடுக்கும் தொழில் மெல்ல ஓய, கம்பெனி டேட்டா சென்டர், கம்பெனிகளுக்கான நெட்வொர்க் என்று திரும்பியது. சிறுசேரியில் பெரிய மையம் எழுப்பியிருக்கிறது. ஆனால் பங்கு? 2024-ல் ஒரு டாலருக்கும் கீழே கிடந்தது. அந்த அக்டோபரில், ஆறு பங்குகள் சேர்ந்தால்தான் நாஸ்டாக்கில் பங்குக்குப் பதிலாக விற்கும் டெபாசிட்டரி ரசீது ஒன்று என்று மாற்றி விலையைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

1999-ல் அந்தக் கம்பெனியைப் பற்றிச் சொன்ன எதுவும் பொய்யாகவில்லை என்பதுதான் இதில் என்னை உறுத்துவது. இந்தியாவில் இணையம் பரவும் என்றார்கள், பரவியது. கம்பெனிகள் எல்லாம் கம்ப்யூட்டரை வெளியே வாடகைக்கு எடுக்கும் என்றார்கள், எடுத்தன. தொழில் உண்மையாகவே வளர்ந்தது. 320 டாலர் கொடுத்தவருக்கு மட்டும் நல்லது எதுவும் நடக்கவில்லை. இன்று 'ஏ.ஐ. வளரத்தானே போகிறது' என்று சொல்லி எந்த விலைக்கும் வாங்கச் சொல்கிறவர்களிடம் இந்த ஒரு பங்கின் வரலாற்றைக் கேட்டுப் பாருங்கள்.

2024–25 நிதியாண்டில் சிஃபியின் வருவாய் சுமார் 3,989 கோடி ரூபாய். வட்டி, தேய்மானம், வரிக்கு முன் 750 கோடியை ஒட்டி மிச்சம். எல்லாம் போக நிகரக் கணக்கில் 78 கோடி ரூபாய் நஷ்டம். 750 கோடி எங்கே போனது? பெரும்பகுதி, வாங்கிய கடனுக்கு வட்டியாகவும் போட்ட இயந்திரங்களின் தேய்மானமாகவும் போனது. ஒரு மெகாவாட் டேட்டா சென்டர் கட்ட, சர்வர்கள் இல்லாமலே, 50 கோடி ரூபாய்க்கு மேல் ஆகும் என்பது துறையில் புழங்கும் கணக்கு. இடத்துக்கு இடம் மாறும். பணத்தை முதலில் கொட்டிவிட்டு வாடகைக்குக் காத்திருக்கும் தொழில் இது. கட்டடம் நிரம்பும்வரை வட்டி நிற்காது.

தேய்மானக் கணக்கு

லேத் மெஷின் வாங்கியவருக்குத் தேய்மானம் அத்துப்படி. ஒரு கோடி ரூபாய் இயந்திரம் ஐந்து வருஷம் உழைக்கும் என்று வைத்தால் வருஷத்துக்கு 20 லட்சம் செலவு எழுத வேண்டும். ஆறு வருஷம் உழைக்கும் என்று எழுதிவிட்டால் செலவு 16 லட்சத்து 67 ஆயிரம். இயந்திரம் அதே, வேலை அதே. லாபம் மட்டும் மூன்றேகால் லட்சத்துக்கு மேல் கூடித் தெரியும்.

உலகின் பெரிய கிளவுட் கம்பெனிகள் இதைத்தான் செய்தன, சட்டப்படியே, வெளிப்படையாகவே. மைக்ரோசாஃப்ட் 2022-ல் சர்வரின் ஆயுளை நான்கிலிருந்து ஆறு வருஷமாக நீட்டியது. கூகுளின் ஆல்ஃபபெட் 2023-ல் ஆறாக்கியது. அமேசான் நான்கை ஐந்தாக்கி, 2024-ல் ஆறாக்கியது. பிறகு 2025 ஜனவரி முதல் ஒரு பகுதி சர்வர்களுக்கு மட்டும் மறுபடி ஐந்துக்கு இறக்கியது. ஏ.ஐ. காரணமாகத் தொழில்நுட்பம் மாறும் வேகம் கூடிவிட்டது என்பது அது சொன்ன காரணம். கம்பெனியே சொல்லும்போது நாம் கேட்டுக்கொள்ளலாம். என்விடியா ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு புதுத் தலைமுறைச் சிப்பை இறக்கும் காலத்தில், ஆறு வருஷப் பழைய சிப்பை யார் வாடகைக்கு எடுப்பார் என்பது நியாயமான சந்தேகம்.

இதற்காக அமேசானை மோசம் என்று சொல்லவில்லை. 2006-ல் தொடங்கிய அதன் கிளவுட் பிரிவு 2024-ல் 10,760 கோடி டாலர் விற்பனை செய்தது. கம்பெனியின் மொத்த விற்பனையில் ஆறில் ஒரு பங்குதான், ஆனால் இயக்க லாபத்தில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வந்தது. பிரமாதமான தொழில். அதே அமேசான், 2025-க்கான முதலீட்டுச் செலவு மட்டும் சுமார் 12,500 கோடி டாலர் என்று அந்த அக்டோபரில் அறிவித்தது. கிடங்குகளும் அதில் சேர்த்தி என்றாலும் பெரும்பகுதி கிளவுடுக்கும் ஏ.ஐ.க்கும்தான். முந்தைய வருஷ கிளவுட் விற்பனை முழுவதையும் விடப் பெரிய தொகை. இவ்வளவு இயந்திரமும் தேயும்போது அந்தச் செலவு லாபக் கணக்கில் வந்து உட்காரும். அதற்குள் ஆர்டர் வந்திருக்க வேண்டும்.

ஆர்டர் யாரிடமிருந்து என்பது அடுத்தது. 2025 மார்ச்சில் 40 டாலருக்குப் பட்டியலாகி, சில மாதங்களில் நான்கு மடங்குக்கு மேல் ஏறிய கோர்வீவ் என்ற அமெரிக்க ஏ.ஐ. கிளவுட் கம்பெனியின் 2024 வருவாயில் 62 சதவிகிதம் மைக்ரோசாஃப்ட் என்ற ஒரே வாடிக்கையாளருடையது. அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பெரிய கண்டுபிடிப்பாக எழுதினார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வொர்க்ஷாப் வைத்திருப்பவருக்கு இது விளக்க வேண்டாத விஷயம். ஃபோர்டு 2021 செப்டம்பரில் வெளியேறுவதாக அறிவித்து, அடுத்த வருஷம் மறைமலைநகரில் கடைசிக் கார் இறங்கியபோது, அதற்கு மட்டுமே பார்ட்ஸ் செய்துவந்த யூனிட்டுகள் எங்கே நின்றன? ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2014-ல் மூடியபோதும் கதை அதுதான்.

எதை வாங்க முடியும்?

இங்கே ஒரு வேடிக்கை. அம்பத்தூரில் தினமும் கடந்துபோகும் அந்தக் கட்டடங்களில் எதையும் நம் சந்தையில் நேரடியாக வாங்க முடியாது. கண்ட்ரோல்எஸ் பட்டியலாகாத தனியார் கம்பெனி. என்.டி.டி.யின் பங்கு டோக்கியோவில். எஸ்.டி.டி. இந்தியாவில் ஒரு துண்டு வேண்டுமென்றால் டாடா கம்யூனிகேஷன்ஸை வாங்க வேண்டும். 2016-ல் தன் டேட்டா சென்டர் தொழிலில் 74 சதவிகிதத்தை விற்றுவிட்டு 26-ஐ வைத்துக்கொண்டது அது. சிறுசேரியில் 2022-ல் மையம் திறந்த அதானிகனெக்ஸ், அதானி என்டர்பிரைசஸும் அமெரிக்காவின் எட்ஜ்கனெக்ஸும் பாதிப் பாதி. அதை வாங்கப் போனால் விமான நிலையமும் நிலக்கரியும் கூடவே வீட்டுக்கு வரும்.

நேரடியாகக் கிளவுட் விற்கும் பட்டியலிட்ட இந்தியக் கம்பெனி என்றால் டெல்லி வட்டாரத்தின் இ2இ நெட்வொர்க்ஸ். 2018 மே மாதம் சிறு நிறுவனங்களுக்கான சந்தையில் 57 ரூபாய்க்கு வந்தது. ஏ.ஐ. அலையில் 2024 இறுதியில் 5,000 ரூபாயைத் தாண்டியது. அந்த நவம்பரில் எல் அண்டு டி, பங்கு 3,622 ரூபாய் விலையில் புதுப் பங்கு எடுத்து, பழைய பங்கும் சேர்த்து 21 சதவிகிதத்துக்கு ஏறக்குறைய 1,400 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டது. எல் அண்டு டி என்றால் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் காட்டுப்பள்ளியில் துறைமுகமும் கப்பல் தளமும் கட்டிய அதே கம்பெனிதான். கனரகக் கட்டுமானக்காரருக்கே இந்தத் தொழில் பிடித்துப்போயிற்று என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். சில மாதம் கழித்து பங்கு 2,000 ரூபாய்க்குக் கீழேயும் இறங்கியது. 57-ல் வாங்கியவருக்கும் 5,000-ல் வாங்கியவருக்கும் கம்பெனி ஒன்றுதான்.

அமெரிக்கப் பங்கை நேரே வாங்குவது இப்போது செல்போனிலேயே முடிகிறது. ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டப்படி ஒருவர் வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். பத்து லட்சம் ரூபாயைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 20 சதவிகிதம் டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரி பிடிப்பார்கள், ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவிகித வரி. ஆப் கம்பெனிகள் சத்தமாகச் சொல்லாத சங்கதிகள் இரண்டு உண்டு. ஒரே ஒரு பங்கு இருந்தாலும் வருமான வரி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும். இரண்டாவது, அமெரிக்கக் குடிமகனோ அங்கே குடியிருப்பவரோ அல்லாத ஒருவர் 60,000 டாலருக்கு மேல் அமெரிக்கப் பங்கு வைத்திருக்கும்போது இறந்துவிட்டால், அந்த நாட்டு எஸ்டேட் வரி வாரிசுகள் கதவைத் தட்டும்.

வெளிநாட்டுப் பங்குகளில் போடும் இங்குள்ள மியூச்சுவல் ஃபண்ட், இ.டி.எஃப். வழி சுலபம். ஆனால் மொத்த ஃபண்ட் துறைக்கும் சேர்த்து 700 கோடி டாலர் என்ற உச்சவரம்பு 2022-லேயே நிரம்பி, பல ஃபண்டுகள் புதுப் பணம் வாங்குவதை நிறுத்தின. அதனால் நாஸ்டாக் இ.டி.எஃப். யூனிட்டுகள் சந்தையில் உள்மதிப்பைவிட பத்து சதவிகிதத்துக்கும் மேல் கூடுதலாக விற்ற நாட்கள் உண்டு. வாங்கும் முன் இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர், வாங்கிய அன்றே நஷ்டத்தில் உட்காருகிறார். 'சர்வரை வாடகைக்கு விடுகிறோம், மாதம் இத்தனை சதவிகிதம்' என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் பற்றி எழுத எனக்கு இடமில்லை. அதிக வட்டி ஆசைகாட்டி மோசடிப் புகாரில் சிக்கிய ஆருத்ரா நிறுவனத்தைப் பார்த்த மாவட்டத்துக்கு அது தேவையும் இல்லை.

மின்சாரம் வரும் வழி

பங்குச்சந்தைக்காரர்கள் மறந்துபோகும் ஒரு கணக்கு நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அத்திப்பட்டின் வட சென்னை அனல் மின் நிலையம், பக்கத்தில் 1,500 மெகாவாட் வல்லூர் நிலையம், 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட 800 மெகாவாட் புது அலகு, எல்லாம் திருவள்ளூர் மாவட்டத்துக் கடலோரம். டேட்டா சென்டர்களின் பெரிய வாடிக்கையாளர்கள் காற்றாலை, சூரிய மின்சாரம் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே கேட்கிறார்கள். ஆனால் இரவு முழுக்கக் குறையாமல் ஓட வேண்டிய லோடுக்கு இன்னும் நிலக்கரிதான் கைகொடுக்கிறது. சாம்பல் எண்ணூர் முகத்துவாரத்தில், டிவிடெண்ட் வேறெங்கோ. இந்தக் கணக்கை எந்த ஆண்டறிக்கையும் போடுவதில்லை.

வேலைவாய்ப்பையும் உள்ளபடி சொல்லிவிட வேண்டும். கார் ஆலை மாதிரி ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் தொழில் இது இல்லை. கட்டும்போது கூட்டம் இருக்கும். கட்டி முடித்தபின் எலக்ட்ரீஷியன், ஜெனரேட்டர் ஆபரேட்டர், ஏ.சி. டெக்னீஷியன், காவலாளி, கொஞ்சம் நெட்வொர்க் இன்ஜினீயர்கள். ஐ.டி.ஐ. படித்தவருக்கு நல்ல வேலைதான், எண்ணிக்கைதான் குறைவு.

இன்னொன்று மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் எஸ்டேட் தண்ணீரில் நின்றதை மறந்திருக்க மாட்டோம். டேட்டா சென்டரைத் தரையிலிருந்து உயர்த்தித்தான் கட்டுகிறார்கள். என்றாலும் ஷிஃப்ட் மாற்ற ஆள் வர வேண்டும், டீசல் லாரி வர வேண்டும், துணைமின் நிலையம் நனையாமல் இருக்க வேண்டும். பங்கு வாங்குமுன் மையங்கள் எந்தெந்த ஊரில் என்று பார்ப்பது வீண் வேலை ஆகாது.

சிஃபியின் டேட்டா சென்டர் பிரிவான சிஃபி இன்ஃபினிட் ஸ்பேசஸ், 2025 அக்டோபரில் 3,700 கோடி ரூபாய் பங்கு வெளியீட்டுக்கான வரைவு ஆவணத்தைச் செபியிடம் கொடுத்தது. செபி இணையதளத்தில் யாரும் படிக்கலாம், பணம் கட்ட வேண்டாம். வாங்குவதும் வாங்காததும் பிறகு. இந்த வகைக் கம்பெனியைப் படித்துப் பழக அதைவிடப் பக்கத்து ஊர் ஆவணம் கிடைக்காது. கட்டி முடித்த மெகாவாட் எத்தனை, அதில் வாடகை வரும் மெகாவாட் எத்தனை என்று முதலில் தேடுங்கள். அடுத்து, முதல் சில வாடிக்கையாளர்கள் வருவாயில் எத்தனை சதவிகிதம். கடனும் அதற்குக் கட்டும் வட்டியும். ஜெனரேட்டர், சில்லர், யு.பி.எஸ். ஒவ்வொன்றுக்கும் எத்தனை வருஷ ஆயுள் போட்டிருக்கிறார்கள் என்பது கணக்குக் குறிப்புகளில் பொடி எழுத்தில் இருக்கும். மின்கட்டணம் யார் தலையில் என்பது ஒப்பந்த விவரங்களில் இருக்கும். திரட்டும் பணத்தில் எவ்வளவு புது மெகாவாட்டுக்குப் போகிறது, எவ்வளவு பழைய பங்குதாரர் பைக்குப் போகிறது என்பது முன்பக்கங்களிலேயே கிடைக்கும்.